முதல் நடுக்கம்

என் வலது தொடை ஆடிக்கொண்டிருக்கிறது. நான் ஆட்டவில்லை. கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். கையும் சேர்ந்து ஆட ஆரம்பித்தது, எடுத்துவிட்டேன். மணி பத்து நாற்பது. கோர்ட்டு வராந்தா, சுவரோரம் நீளமான மரப் பெஞ்சு, எதிரே வேப்பமரத்தடியில் வக்கீல்களின் பைக்குகள், ஒரு போலீஸ் ஜீப். எல்லாம் சாதாரணமாக இருக்கிறது. சாதாரணமாக இருப்பதுதான் தாங்கமுடியவில்லை. பக்கத்தில் உச்சிமாகாளி ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருக்கிறார், கொட்டைகளைத் துண்டின் ஓரத்தில் துப்பிச் சேர்த்துக்கொண்டே. என் கிராமத்தின் உதவியாளர். ஊரில் தலையாரி என்றால்தான் தெரியும். நான் அந்த ஊர் வி.ஏ.ஓ., ஆவுடையப்பன், வயது நாற்பத்தேழு, இந்த வழக்கில் இரண்டாம் சாட்சி. முதல் சாட்சி அவர். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது, அதற்காகத்தான் இந்த வழக்கே. "ஒரு சுளை தின்னுங்க சார், வாய் காஞ்சு கெடக்கு உங்களுக்கு" என்கிறார். என் வாய் காய்ந்திருப்பது அவருக்குத் தெரிகிறது. அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். எதிர்த் தூண் பக்கம் நிற்கிற மூன்று பேருக்கும் தெரியும். அவர்கள் மகேந்திரனின் ஆட்கள். ஆற்று மணலை அள்ளிக்கொண்டு போகும் லாரிகளெல்லாம் மகேந்திரனுடையவை. அவன் ஜாமீனில் இருக்கிறான், இன்னும் வரவில்லை. கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் முதலில் என் வயிறு திரும்பிப் பார்க்கிறது, அப்புறம்தான் தலை. சுளையை வாங்கி வாயில் போட்டேன். புளிப்பா இனிப்பா தெரியவில்லை. விழுங்கியதும் நெஞ்சில் ஒரு இடத்தில் நின்றுகொண்டது.

நம் கையில் உள்ளது, நம் கையில் இல்லாதது. இரண்டே பிரிவு. நான் பி.ஏ. தத்துவம் படித்தவன், விரும்பி இல்லை, வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை. மூன்று வருஷத்தில் படித்த மற்றதெல்லாம் போய்விட்டது, அந்த ஸ்டோயிக் ஆட்கள் மட்டும் ஒட்டிக்கொண்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கிரேக்கர்கள், ரோமாபுரிக்காரர்கள். அதில் அடிமையாக இருந்தவரும் உண்டு, அரசனாக இருந்தவரும் உண்டு. உடம்பு, சொத்து, பேர், அடுத்தவன் நம்மைப் பற்றிச் சொல்வது, சாவு, இதெல்லாம் நம் கையில் இல்லை. எதை நம்புகிறோம், எதற்குச் சம்மதிக்கிறோம், என்ன செய்கிறோம், இவ்வளவுதான் நம்முடையது. நம்முடையதை ஒழுங்காக வைத்துக்கொண்டால் நன்றாக வாழ்ந்தாயிற்று. மற்றது வந்தாலும் போனாலும் அதில் நல்லது கெட்டது இல்லை. பத்தொன்பது வயதில் இதைக் கேட்டபோது எவ்வளவு லேசாக இருந்தது. எனக்கு யாரும் எதையும் செய்துவிட முடியாது! சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சிரித்துக்கொண்டே போனேன். வேலைக்கு வந்த பிறகு எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி தாலுகா ஆபீசில் எனக்குத் 'தத்துவம்' என்றே பேர். "தத்துவம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஒருத்தருக்குத் தூரமாக மாற்றல் போட்டுவிட்டார்கள், ஒருத்தருக்கு மகள் கல்யாணம் நின்றுபோனது, ஒருத்தர் வீட்டில் சாவு, எல்லா இடத்திலும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அது உங்க கையில இல்ல சார், உங்க மனசுதான் உங்க கையில. அவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவர்கூடக் கன்னத்தில் அறையவில்லை, ஆச்சரியம்தான். சரி, இப்போது சொல், ஆவுடையப்பா, இந்தத் தொடை எந்தப் பிரிவு? இது உன் கையில் உள்ளதா இல்லாததா? இது உன்னுடையதுதானே, நாற்பத்தேழு வருஷமாக இதன் மேல்தானே உட்கார்ந்திருக்கிறாய்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொன்னேன். அதை இப்போது நினைக்கக்கூடாது, ஆனால் நினைப்பு போய் அங்கேதான் முட்டுகிறது. காலை எடுத்து நாலாம் நாள். உச்சிமாகாளியின் சம்சாரம் மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மாகாளி, காலுங்கிறது நமக்கு இரவலாக் குடுத்த சாமான். திரும்பக் கேட்டாச்சு, குடுத்தாச்சு. கால் வேற, நீரு வேற. உம்மை எவனும் தொடல" என்றேன். எவ்வளவு நன்றாகச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்டார், அப்புறம் "சார்" என்றார். "சொல்லும்" என்றேன். "இல்லாத கால்ல பெருவெரலு அரிக்கி சார். சொறியணும் போல இருக்கு. எங்கெ போய்ச் சொறிய?" கட்டுப் போட்டிருந்த மொட்டைக் காலுக்குக் கீழே, வெறும் பெட்ஷீட்டில், விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார், நான் எழுந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். டாக்டரைப் பார்க்கவில்லை. வாசலில் பழக்கடையில் நின்றேன். அன்றைக்குச் சொன்ன வாக்கியங்கள் உண்மை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சொன்ன ஆள்தான் பொய்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துருதேன் சார், டவாலி கூப்பிட்டா ஒரு சத்தம் குடுங்க" என்று உச்சிமாகாளி எழுந்து கோலை ஊன்றிப் போனார். டக், டக் என்று அந்தச் சத்தம் மூலை திரும்புகிறவரைக்கும்தான் இருந்தது. பெஞ்சு லேசாக அழுந்தியது. அவர் இருந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். தூண் பக்கம் நின்ற மூவரில் ஒருவர். வெள்ளைச் சட்டை, விபூதி, வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற ஆள் மாதிரி முகம். "காலைலயே கெளம்பிருப்பிய. சாப்ட்டாச்சா சார்?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். ஏன் பதில் சொன்னேன்? "நாங்க ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல சார். நீங்க படிச்சவிய. மார்கழி மாசம். ஆத்துல பனி. வெளிச்சம் பத்தலங்கிறது பொய்யா சொல்லுங்க? முகம் சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்த. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்." நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டிரைவர் செஞ்ச தப்புக்கு டிரைவர் போவான். அவன் ஒத்துக்கிட்டான்லா." பக்கத்தில் யாருடைய போனோ அடித்து நின்றது. "ஆத்துப் பாலம் வழியாத்தான தெனம் டூட்டிக்கு வாரிய? கைப்பிடிச் சுவரு ரெண்டு எடத்துல ஒடஞ்சு கெடக்கு. பைக்குல வாரவிய பாத்து வரணும் சார். நல்ல மனுசன் நீங்க." என் முட்டியில் இரண்டு தடவை தட்டிவிட்டு எழுந்து போனார். அன்பாகத்தான் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் முட்டியில் இருக்கிறது, சூடாக. அந்த ஆடுகிற காலில்தான் தட்டினார். ஆடுவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

தினமும் காலையில் எழுந்ததும் நடக்கக்கூடிய கெட்டதையெல்லாம் மனசில் ஓட்டிப் பார் என்பார்கள் அந்தப் பழைய ஆட்கள். முன்னாலேயே பார்த்துவிட்டால் வரும்போது அது புதிதாக இருக்காது, கூர் மழுங்கிவிடும். சரி, பார்க்கிறேன். பாலம். பைக். பின்னால் லாரி ஹாரன். ஒதுங்குகிறேன், ஒதுங்க இடம் இல்லை, சுவர் இல்லாத இடம். கீழே தண்ணீர்கூடக் கிடையாது, மணலை அள்ளிய குழிகள்தான், பாறை. இதோடு நிறுத்த வேண்டும். நிறுத்த முடியவில்லை. என் வீட்டுக்கு போன் போகிறது. என் சம்சாரம் செண்பகம் மாவாட்டிக்கொண்டிருக்கிறாள், கையில் மாவு, போனை முழங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போடுகிறாள். யார் பேசுவது என்று கேட்கிறாள். திரும்பவும் கேட்கிறாள். அவளுடைய அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை, ஆனால் இப்போது தெளிவாகக் கேட்கிறது. அப்புறம் கிரைண்டரை அணைக்க மறந்துவிடுகிறாள், அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. போதும். இது மருந்தென்று கொடுத்தார்களே, எனக்கு நோயாக அல்லவா இறங்குகிறது. அவர்களுக்கு ஒரு தடவை பார்த்தால் கூர் மழுங்கியது. எனக்கு ஒவ்வொரு தடவையும் தீட்டிக்கொண்டு வருகிறது. நேற்று ராத்திரி செண்பகத்திடம், நாளைக்கு ஒரு மீட்டிங், மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொன்னேன். அவள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "மீட்டிங்குக்கு எதுக்கு இப்பிடி வேர்க்குது?" என்று கேட்டாள். விபூதிக்காரர் கேட்டது ஒரு வார்த்தை. வெளிச்சம் பத்தல. இரண்டு வார்த்தை. எவ்வளவு சின்னது. நாக்கில் வைத்துப் பார்க்கிறேன், ஆரஞ்சுச் சுளையை விட நன்றாக ருசிக்கிறது.

ஆனால் வெளிச்சம் இருந்தது. ஆறு பத்து. மணலில் டயர் புதைந்து அன்றைக்கு அவர்களுக்கு நேரமாகிவிட்டது, இல்லையென்றால் இருட்டோடு போயிருப்பார்கள். அடுத்த ஊர்க் கோயிலில் மைக் செட்டு பாடிக்கொண்டிருந்தது. கிழக்கே வெளுத்து, நாணல் பூ ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நானும் உச்சிமாகாளியும் பைக்கைக் கரையில் போட்டுவிட்டு வண்டிப்பாதையில் இறங்கினோம். லாரி எதிரே ஏறி வந்தது. உச்சிமாகாளி பாதை நடுவே போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "நிப்பாட்டு, வி.ஏ.ஓ. சார் வந்திருக்காவ" என்று கத்தினார். என் பேரைச் சொல்லித்தான் நிறுத்தினார். நான் அவருக்குப் பத்தடி பின்னால். லாரி நின்றது. என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. அப்போது என் கால்கள் என்னைக் கேட்காமல் என்னை வலப்பக்கம் கொண்டுபோய்விட்டன. பழைய பம்பு ரூம், கூரை போய், சுவர் மட்டும் நிற்கிறது. அதற்குப் பின்னால். நான் முடிவு செய்யவில்லை, சத்தியமாக முடிவு செய்யவில்லை, ஆனால் அங்கே நின்றது நான்தான். செங்கல் விழுந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். லாரியின் இடப்பக்கக் கதவு கைநீட்டினால் தொடுகிற தூரம் மாதிரி இருந்தது. அளந்தால் எட்டடி. ஜன்னலில் மகேந்திரன். மப்ளர் கட்டியிருந்தான், முகம் முழுசாகத் தெரிந்தது, தூக்கக் கலக்கமான முகம், கொட்டாவிகூட விட்டான். அப்புறம் டிரைவரிடம் திரும்பி, "ஏத்துலே" என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில். உச்சிமாகாளி ஒதுங்கத்தான் செய்தார், ஒரு கால் மட்டும் ஒதுங்கவில்லை. அந்தச் சத்தத்தை நான் சொல்லப்போவதில்லை. லாரி கரை ஏறிப் போகிறவரைக்கும் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். போன பிறகு ஓடினேன். என் துண்டைக் கிழித்துக் கட்டியது நான், நூற்றெட்டுக்கு போன் பண்ணியது நான், மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போனது நான். அதெல்லாம் உண்மை. வி.ஏ.ஓ. இல்லாவிட்டால் தலையாரி செத்திருப்பான் என்று ஊரே சொன்னது. போலீஸ்காரர் எழுதும்போது, "லாரி வரும்போது நீங்க எங்க நின்னிய?" என்று கேட்டார். "கொஞ்சம் தள்ளி நின்னு ஸ்டேஷனுக்கு போன் பேசிட்டிருந்தேன்" என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது. அதற்குக் கால்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்றரை வருஷமாக அந்தப் பொய் என்னோடு சாப்பிட்டு என்னோடு தூங்குகிறது. உச்சிமாகாளியும் அதை நம்பிக்கொண்டிருக்கிறார். இன்று கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தோண்டப்போவது அதைத்தான்.

டவாலி வாசலில் வந்து "உச்சிமாகாளீ, உச்சிமாகாளீ, உச்சிமாகாளீ" என்று நீட்டிக் கூப்பிட்டார். எப்போது திரும்பி வந்தாரோ, உச்சிமாகாளி என் பக்கத்திலிருந்து கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். துண்டில் இருந்த ஆரஞ்சுக் கொட்டைகளைத் தூணடியில் உதறினார். "வாரேன் சார்" என்று உள்ளே போனார். லாரியின் முன்விளக்கு நேராகக் கண்ணில் அடித்ததால் அவர் மகேந்திரனைப் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பொய் சொல்லவும் மாட்டேன் என்று அரசு வக்கீலிடமே சொல்லிவிட்டார். மகேந்திரன் உள்ளே இருந்தான் என்று சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன். கார் சத்தம். இந்தத் தடவை அவன்தான். இறங்கினான், மப்ளர் இல்லை, மடிப்புக் கலையாத சட்டை, யாரையும் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனான். செண்ட் வாடை. அரை மணி நேரம் உள்ளே உச்சிமாகாளியின் குரல் கேட்டது, பிறகு நின்றது. எழுந்துவிட்டேன். எழுந்து நடக்கிறேன், வராந்தாப் படி இறங்கி, பைக்குகளைத் தாண்டி, கேட்டை நோக்கி. கேட்டில் நின்ற பெண் போலீஸ், "எங்க சார் கெளம்பிட்டிய?" என்றார். "ஒரு டீ" என்றேன். அவர் நகர்ந்து வழி விட்டார். ரோட்டில் என் ஊர்ப் பஸ் நின்றுகொண்டிருந்தது, கண்டக்டர் படியில் நின்று ஊர்ப்பேரைக் கத்திக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தால் முடிந்தது. சாட்சி வரவில்லை. வாரண்ட் வரும், வரட்டும், நெஞ்சு வலி என்று சொல்லலாம். நெஞ்சு நிஜமாகவே வலிக்கிறதே. இந்த நேரத்தில் ஏன் எங்கள் பாக்கியநாதன் சார் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. கல்லூரியில் ஸ்டோயிக் பாடம் எடுத்தவர். மனிதருக்கு நாய் என்றால் உயிரே போய்விடும். ஹாஸ்டல் திருப்பத்தில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும், அதற்காக அரை மைல் சுற்றி வருவார், நாங்கள் மாடியில் நின்று சிரிப்போம். ஒருநாள் மழையில் சுற்றுப்பாதை மூழ்கிவிட்டது. பெல் அடித்துவிட்டது. அவர் குடையைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, நாயைப் பார்த்து ஏதோ கெஞ்சிக்கொண்டே, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து வந்தார். வகுப்புக்குள் நுழையும்போது முகம் வெளிறியிருந்தது, சாக்பீஸ் கையில் நிற்கவில்லை. எங்களில் ஒருவன் கேட்டுவிட்டான், "சார், பயம்கிறது தப்பான எண்ணம்னு நேத்து சொன்னீங்களே?" அவர் கோபப்படவில்லை. "இந்த முகம் வெளுக்கறது, கை நடுங்கறது, இதெல்லாம் உடம்பு தானா பண்றதுப்பா. அந்த ஸ்டோயிக் ஆளுங்களே அதக் குத்தம்னு சொல்லல. எவ்வளவு பெரிய ஞானிக்கும் முதல் நடுக்கம் வரும். அதுக்கு அப்பறம் நீ 'ஆமா, ஓடிரணும்'னு தலையாட்டுற பாரு, அதுதான் உன்னோடது" என்று சொல்லிவிட்டு, நடுங்குகிற கையாலேயே போர்டில் எழுத ஆரம்பித்தார். எழுத்து கோணல் கோணலாக இருந்தது. பரீட்சையில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி, எழுதி வாங்கினேன். பம்பு ரூம் வரை போனது முதல் நடுக்கம் என்று வைத்துக்கொள்ளலாமா? லாரி போகிறவரைக்கும் நின்றேனே, அது? போலீசில் போன் பேசினேன் என்றேனே, அது? இந்தக் கேட்டு வரைக்கும் நடந்து வந்திருக்கிறேனே, இது எந்தக் கணக்கு? பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து "வாரியளா?" என்று கேட்டார். போய் ஒரு காலைப் படியில் வைத்தேன். பின்னால் வெகு தூரத்தில் "ஆவுடையப்பன்" என்று ஒரு குரல். பஸ் படியில் வைத்த கால் அப்படியே நின்றது. "ஆவுடையப்பன்." இரண்டாவது. துணிச்சல் எதுவும் வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும், பயம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. காலை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். மூன்றாவது கூப்பிட்டு முடிவதற்குள் நான் ஓடிக்கொண்டிருந்தேன், வேட்டி தடுக்க, பைக்குகளுக்கு நடுவே, "இருக்கேன், இருக்கேன்" என்று கத்திக்கொண்டு.

கூண்டுக் கட்டையைப் பிடித்தால் கை ஆடுவது தெரியாது என்று பிடித்தேன். கட்டையே லேசாகக் கடகடத்தது. உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கினார்கள். ஜட்ஜ் அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்து, "தண்ணி வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன், வேண்டும் என்றுதான் சொல்ல நினைத்தேன். அரசு வக்கீல் கேட்டார், சொன்னேன். வெளிச்சம் இருந்தது என்றேன். நாணல் பூ தெரிந்தது என்றேன். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் இவர், ஏற்றச் சொன்னவர் இவர் என்று கையைக் காட்டினேன். விரல் ஒரு இடத்தில் நிற்காமல் மகேந்திரனுக்கும் அவன் பக்கத்துப் போலீஸ்காரருக்கும் நடுவே ஆடியது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார், கையில் ஒரு தாள். "ஸ்டேஷனுக்குப் போன் பேசிக்கிட்டிருந்தேன்னு வாக்குமூலம் குடுத்திருக்கீங்க. போன் கம்பெனிப் பதிவு இது. ஆறு இருபத்தொண்ணுக்கு நூத்தியெட்டுக்குப் போனது ஒண்ணுதான். அதுக்கு முன்னால உங்க போன்ல இருந்து யாருக்கும் கால் போகல. பொய்தானே?" "ஆமா" என்றேன். "அப்ப நீங்க அந்த நேரத்துல அங்க இல்லவே இல்ல. எல்லாம் முடிஞ்ச பெறகு வந்திருக்கீங்க. சரிதானே?" அங்கேயும் ஒரு கதவு திறந்தே இருந்தது. ஆமாம் என்றால் போதும். பாலமும் இல்லை, பம்பு ரூமும் இல்லை. உச்சிமாகாளி முதல் வரிசை பெஞ்சில் கோலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கதான் இருந்தேன்" என்றேன். "எங்க?" "பம்பு ரூம் சுவத்துக்குப் பின்னால." "அங்க என்ன செஞ்சீங்க?" கட்டையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தேன். "சத்தமாச் சொல்லுங்க, பதிவாகணும்" என்றார் ஜட்ஜ் அம்மா. "ஒளிஞ்சிருந்தேன்" என்றேன். "தலையாரிய நடுவுல நிக்க விட்டுட்டு நான் பயந்து ஓடிப்போயி ஒளிஞ்சிருந்தேன். வெளிய வரல, சத்தம் போடல. அந்தச் சுவத்துக்கும் லாரிக் கதவுக்கும் எட்டடிதான். அதனாலதான் எனக்கு முகம் தெரிஞ்சுது. அதனாலதான் அவரு சொன்னது காதுல விழுந்துது. வெளிய சொல்ல வெக்கப்பட்டு போன் பேசினேன்னு பொய் சொல்லிட்டேன்." வக்கீல் தாளைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். யாரும் இப்போது சிரிக்கவில்லை. ஜட்ஜ் அம்மா தட்டச்சு செய்கிற பெண்ணிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, என் கோழைத்தனம் அந்த மெஷினில் நல்ல தமிழில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். சுவரின் உயரம், ஓட்டையின் அளவு, மைக் செட்டில் என்ன பாட்டு. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். இறங்கும்போது படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு கணம் காற்றில் கால் வைத்தேன்.

வெளியே வெயில். தீர்ப்புக்கு இன்னும் மாதங்கள் ஆகும் என்றார் அரசு வக்கீல், உங்க சாட்சி நின்னுடும் சார் என்றும் சொன்னார். அவர் சொன்னது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. உச்சிமாகாளி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்காமல். கேட்டைத் தாண்டி நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "மாகாளி" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க அந்தச் சுவத்துக்குப் பின்னால நின்னது எனக்கு அன்னைக்கே தெரியும் சார். கீழ கெடந்தம்லா. ஓட்ட வழியா உங்க கண்ணு தெரிஞ்சுது." அவர் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சா ஏன்வே சொல்லல?" "நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்." ஒரு ஆட்டோ போனது. "ஒன்னர வருசமாப் பாத்தேன்." "எம்மேல கோவம் இருக்கா?" "இருக்கு" என்றார். "இன்னைக்குக் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. முழுசாப் போகுமான்னு தெரியல. போனாச் சொல்லுதேன்." எதிர்ப்பக்கம் அந்த விபூதி பூசிய ஆள் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. "எனக்குப் பயமா இருக்கு மாகாளி" என்றேன். யாரிடமும் இதுவரை இதைச் சொன்னதில்லை, செண்பகத்திடம்கூட. "எனக்கு மட்டும் இல்லியா?" என்றார் அவர். "காலைல ஒரு மணி நேரத்துல மூணு தடவ ஒண்ணுக்குப் போனேன். நடங்க, பசிக்கி." ரோட்டைக் கடந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். கூட்டம் இல்லை. அவர் சுவரோரம் இருந்த மேஜையில், வாசலைப் பார்த்த பக்கம் உட்கார்ந்தார். நான் எதிரே உட்காரப் போனேன். உட்கார்ந்தால் வாசல் என் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு கணம் நின்றேன். அவர் கோலை எடுத்து அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், தோள் இடிக்க. பரிமாறுகிறவர் இலையோடு வந்து எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரே பக்கமா நெருக்கிக்கிட்டு இருக்கியளே, எதுத்தாப்புல காலியாத்தான கெடக்கு" என்றார். "இருக்கட்டும்யா, இங்கனயே போடு" என்றார் உச்சிமாகாளி. இரண்டு இலைகளையும் ஒட்டி ஒட்டிப் போட்டார். நான் தண்ணீர் தெளித்தேன், பாதி அவர் இலையில் தெறித்தது. சோறு வந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டே பிசைந்தோம்.